மரங்கள் அதிகம், மனிதர் குறைவு: உடுதும்பறைப் பெண்களைப் பற்றிச் சில குறிப்புகள்

கண்டி என்றதும் நம்மில் பலருக்குத் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா, பெரஹரா ஆகியவைதான் ஞாபகத்துக்கு வரும். மட்டக்களப்பிலிருந்து மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகக் கண்டிக்கு வந்துபோகும் சகோதரிகளுக்கு இன்னோர் இடமும் ஞாபகம் இருக்கும். ஹசலக்கவைத் தாண்டியதும் பஸ் மலையேறத் தொடங்குமே, வளைவுக்கு மேல் வளைவாக வருமே, பிள்ளைகள் யன்னலால் தலையை நீட்டி வாந்தி எடுக்குமே, அந்த இடம்தான். 'பதினெட்டு வளைவு' என்று பெயர். வீதியைத் திருத்தி அகலமாக்கிய பிறகு பதினேழுதான் இருக்கிறது என்கிறார்கள். நான் ஒருநாளும் எண்ணி முடித்ததில்லை. பாதியிலேயே தலை சுற்றிவிடும்.

அந்த வளைவுகள் ஏறி முடிகிற மலைப்பிரதேசம்தான் உடுதும்பறை. கண்டி மாவட்டத்தின் 20 பிரதேச செயலாளர் பிரிவுகளில் ஒன்று. நிலப்பரப்பில் பெரிய பிரிவுகளில் ஒன்று, ஆனால் சனம் மிகக் குறைவு. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது கண்டி மாவட்டத்தில் 13 இலட்சத்து 75 ஆயிரம் பேர் இருந்தார்கள். கண்டி நகரை உள்ளடக்கிய கங்கவட்ட கோறளையில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். உடுதும்பறையிலோ 25 ஆயிரம் பேர் கூட இல்லை. மீதி இடமெல்லாம் காடு, மலை, அருவி, பனிமூட்டம். தும்பறை என்ற பெயரே பனிமூட்டத்தைக் குறிப்பது என்று சொல்வார்கள். வெள்ளைக்காரன் இந்த மலைத்தொடருக்கு 'நக்கிள்ஸ்' என்று பெயர் வைத்தான். கண்டிப் பக்கமிருந்து பார்த்தால் பொத்திப் பிடித்த கையின் விரல் மொழிகள் போலத் தெரியுமாம். உள்ளூர்ப் பெயரைக் கேட்டிருந்தால் இந்தச் சிரமம் இருந்திருக்காது.

இந்தப் பகுதியைப் பற்றி நம் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. 2009க்குப் பிறகு வன்னியில் மீளக் குடியேறப் போன பல குடும்பங்கள், தங்கள் பழைய வயலிலும் மேட்டுக்காணியிலும் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் நாட்டப்பட்டிருப்பதைக் கண்டன. காடு யாருக்குச் சொந்தம், அதனருகே வாழ்கிறவளுக்கு என்ன உரிமை என்ற கேள்வி அப்போதுதான் நம்மில் பலருக்கு முதன்முதலாக எழுந்தது. உடுதும்பறைப் பெண்கள் அந்தக் கேள்வியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். மொழி வேறு, மதம் வேறு, பட்ட பாடு வேறு. ஆனால் கேட்கிற திணைக்களம் ஒன்றுதான், கேட்கிற கடதாசியும் ஒன்றுதான்.

போகும் வழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து குண்டசாலை, திகன, தெல்தெனிய என்று பஸ் போகும். தெல்தெனியவில் வலப்பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம். பிரித்தானிய உதவியோடு கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில்தான் இருக்கிறது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும், சனம் பார்க்கப் போகும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அன்று எழும்பிப் போக வேண்டியிருந்தது. இடம்பெயர்வு என்றால் ஷெல் விழுந்துதான் வரவேண்டும் என்றில்லை. இதே திகனவிலும் தெல்தெனியவிலும்தான் 2018 மார்ச் மாதத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இப்போது எதுவும் தெரியாது. கடைகள் திருத்திக் கட்டப்பட்டிருக்கின்றன.

அதற்கு மேலே மெதமகாநுவர. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது இந்தப் பக்கத்து ஊரொன்றில்தான். தமிழ் பேசும் நாயக்கர் வம்சத்தவன். ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்ததும் தன் ராணிகளோடு இந்தக் காட்டுப் பக்கம் ஓடிவந்து ஒரு வீட்டில் ஒளிந்திருந்தான். பிடித்தவர்கள் ராணிகளின் காதணிகளைப் பறித்ததில் காது அறுந்து இரத்தம் சிந்தியதாகச் சொல்லப்படுகிறது. பிறகு எல்லோரையும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அரசன் 1832இல் அங்கேயே இறந்தான். பாடப்புத்தகத்தில் அரசனைப் பற்றி இருக்கும், அறுந்த காதைப் பற்றி இருக்காது.

ஹுன்னஸ்கிரிய சந்தியில் இடப்பக்கம் ஒரு ஒடுக்கமான பாதை பிரிகிறது. முதலில் தேயிலைத் தோட்டங்கள் வரும். லயன்களும், கோயிலும், தோட்டப் பாடசாலையும் தெரியும். இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனவர்களும் உண்டு. இதை வாசிக்கிற சிலருடைய அம்மம்மா இந்த மலையில் கொழுந்து பறித்திருக்கலாம். பயந்து போய் வன்னிக் காட்டை வெட்டிக் குடியிருந்த அந்தக் குடும்பங்கள்தான் பிறகு எல்லா இடப்பெயர்வையும் பார்த்தவை.

தேயிலை முடிந்ததும் காடு தொடங்கும். மலையின் இடுக்கு ஒன்றைத் தாண்டினால் மறுபக்கம் முழுவதும் பள்ளத்தாக்கு. லகேகல என்ற கூரான மலை எதிரே நிற்கும். இராவணனோடு சம்பந்தப்பட்ட கதைகள் அதற்கு உண்டு. அடியில் மீமுறே, இன்னும் சில சிறிய ஊர்கள். மீமுறேயில் சில நூறு பேர்தான். அடுக்கடுக்கான வயல்கள், கித்துள் மரங்கள், மிளகுக் கொடிகள், ஆறு. அழகாகத்தான் இருக்கிறது. அழகைப் பற்றி உல்லாசப் பிரயாணப் புத்தகங்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நான் போனது 2024 மாசி மாதத்தில், எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு சிங்களச் சகோதரியோடு. மழை குறைந்த மாதம் என்றாலும் அட்டைக் கடிக்குக் குறைவில்லை. சவர்க்காரத்தையும் உப்பையும் காலில் பூசிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

காடு அரசாங்கத்தினுடையதான கதை

இந்த ஊர்களில் முன்பு வாழ்க்கை மூன்று காலில் நின்றது. ஒன்று, அருவித் தண்ணீரில் விளையும் நெல். இரண்டாவது, மலைச்சரிவில் சேனை வெட்டிக் குரக்கன், சோளம், பயறு போடுவது. மூன்றாவது, காட்டுக்குள்ளே ஏலம். நெல் ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுவதும் காணாது. அரிசி முடிந்த மாதங்களில் குரக்கன் பிட்டும் ரொட்டியும்தான். காசு என்று கையில் வந்தது ஏலத்தால்தான்.

இதில் முதலில் போனது சேனை. அது நேற்றுப் போனதல்ல. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பயிரிடப்படாத காடு, தரிசு நிலம் எல்லாம் வேறு அத்தாட்சி இல்லாவிட்டால் முடிக்குரியது என்றது. கண்டி நாட்டுச் சேனைக் காணிகளையும் அப்படியே சேர்த்துக்கொண்டது. அரசன் கொடுத்த சன்னசு அல்லது வேறு எழுத்து இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் விடு என்பதுதான் அதன் சாரம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாறி மாறி வெட்டுகிற சேனைக்கு யார் எழுத்து வைத்திருப்பார்? அப்படி எடுத்த மலைகளைத்தான் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றார்கள். அந்தத் தோட்டங்களுக்குத்தான் தென்னிந்தியாவிலிருந்து நம் சனத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே சட்டம் ஒரு பக்கம் சிங்களக் கிராமத்தவளின் சேனையை எடுத்தது. மறுபக்கம் தமிழ்ப் பெண்ணைக் கொண்டுவந்து காணி இல்லாமல் லயனில் வைத்தது. இரண்டு பேருக்கும் இன்றுவரை இது ஒரே கதை என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஏலத்தின் கதை கொஞ்சம் வேறு. ஏலம் பெரிய மரங்களின் நிழலில் வளர்வது, எனவே காட்டை மொட்டையடிக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் அரசாங்கமே காட்டுக்குள் ஏலம் போடக் குத்தகைக்குக் கொடுத்தது. பெண்கள் விடியற்காலையில் கூட்டமாகப் போவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதல்ல, அடியில் மண்ணோடு சேர்ந்து படர்கிற காம்பில் காய்ப்பது. நாள் முழுவதும் குனிந்தபடி, முற்றியும் வெடிக்காத காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். பச்சைக் காய் ஏறத்தாழ ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். பச்சை நிறம் போகாமல் காய வைக்க வேண்டும் என்பதால் வெயிலில் போடுவதில்லை. கொட்டில் கட்டி, அடியில் விறகு எரித்து, மெல்லிய சூட்டில் இரவு பகலாக உலர்த்துவார்கள்.

பிரச்சினையும் அங்கேதான். உலர்த்துகிற சூட்டுக்கு விறகு காட்டிலிருந்துதான் வந்தது. செடிக்கு இடம் வேண்டும் என்று கீழே முளைக்கிற கன்றுகளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கினார்கள். பெரிய மரம் நின்றது, ஆனால் அது விழுந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்த மரம் இல்லை. காடு பிள்ளையில்லாக் கிழவி போல ஆகிவிட்டது என்று ஒரு அம்மா சொன்னார். அவரே முப்பது வருஷம் ஏலம் பறித்தவர். எனவே குத்தகையை நிறுத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் காடு பாதுகாக்கப்பட்ட வனமாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ, இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக ஏற்றபோது, சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸும் சேர்ந்தது. சுமார் 31 ஆயிரம் ஹெக்டேயர்.

காட்டைக் காத்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. இந்த மலையில் விழுகிற மழைதான் ஹீன் கங்கையாகவும் வேறு ஆறுகளாகவும் இறங்கி மகாவலியில் சேர்கிறது. விக்டோரியாவில் மின்சாரமாகிறது, பொலன்னறுவையில் வயலாகிறது, கடைசியில் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் போய் விழுகிறது. மூதூரிலும் வெருகலிலும் வாழ்கிற சகோதரிகளுக்கு வருகிற தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் பனிமூட்டத்தில் பிறந்தது. மரம் நின்றால்தான் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கும். நிற்காவிட்டால் மலையே சேர்ந்து இறங்கும்.

ஆனால் செலவை யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? மின்சாரம் நாட்டுக்கு, மரபுரிமை உலகத்துக்கு. ஏலக் காசு நின்றது மட்டும் இந்தச் சில ஊர்ப் பெண்களுக்கு. அந்தக் காசில்தான் பிள்ளைகளின் கொப்பியும் சப்பாத்தும் வாங்கியதாகப் பலரும் சொன்னார்கள். 'ஏலம் இருந்த காலம்', 'ஏலம் நின்ற பிறகு' என்றுதான் அவர்கள் வருஷத்தைக் கணக்கிடுகிறார்கள். நாங்கள் 'இடம்பெயர முன்', 'இடம்பெயர்ந்த பின்' என்று கணக்கிடுகிறது போல.

இப்போது எதில் சீவியம்?

கித்துள், மிளகு, வருகிற உல்லாசப் பிரயாணிகள். கித்துள் மரத்தில் ஏறிப் பூவைச் சீவிக் கள் இறக்குவது ஆண்களின் வேலை. அதன் பிறகு உள்ள வேலை முழுவதும் பெண்களுடையது. இறக்கிய பதநீர் புளிக்காமலிருக்க 'ஹல்' மரத்துப் பட்டையை முட்டியில் போடுவார்கள். இறக்கியதும் தாமதியாமல் அடுப்பில் ஏற்றி, மணிக்கணக்காகக் கிண்டிப் பாணியாக்க வேண்டும். இன்னும் இறுக்கினால் கருப்பட்டி. பனங்கட்டி காய்ச்சிய யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு அந்தப் புகையும் கண்ணெரிச்சலும் தெரியும். மரத்தில் ஏறுகிறவருக்குத்தான் 'கித்துள்காரர்' என்ற பெயர். அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தனிப்பெயர் எதுவும் இல்லை. வியாபாரி காசைக் கொடுப்பதும் கித்துள்காரரின் கையில்தான். புருஷன் இறந்துபோன ஒரு பெண் கூலிக்கு ஆள் பிடித்துச் சீவுவிக்கிறார். பாதி அவருக்குப் போய்விடும், மிச்சத்தில் விறகு கொண்டுவருகிற செலவையும் கழிக்க வேண்டும்.

குரங்கும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வைப்பதில் ஒரு பங்கைக் கொண்டுபோகின்றன. மரவள்ளி வைத்தால் பன்றி, சோளம் வைத்தால் குரங்கு, தேங்காய்க்கும் குரங்கு. காவல் காப்பது யார்? பகலில் பெண்கள், இரவில் ஆண்கள். பகல் முழுவதும் தகரம் தட்டிக்கொண்டே சமைக்கிற ஒரு வீட்டையும் பார்த்தேன்.

உல்லாசப் பிரயாணம் யுத்தம் முடிந்த பிறகு பெருகியது. கொழும்பிலிருந்து இளைஞர்கள் வார இறுதியில் ஜீப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார்கள். வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி, குரக்கன் ரொட்டியும் பலாக்காய்க் கறியும் சமைத்துக் கொடுத்து உழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். காசு வருகிறது என்பது உண்மை. போத்தலும் பிளாஸ்ரிக்கும் ஆற்றில் மிதப்பதும் உண்மை.

வைத்தியசாலை என்றால் தெல்தெனிய அல்லது கண்டி. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் பட்டணத்துக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிடுவாள். மேலே இருந்து வலி வந்த பிறகு இறங்குவது முடியாத காரியம். இந்த ஊர்களுக்கு அரசாங்கம் என்று வருகிற முகங்களில் அவர்கள் அன்போடு சொல்வது மருத்துவிச்சி அம்மாவை, அதாவது குடும்ப சுகாதார உத்தியோகத்தரைத்தான். வாகனம் போகாத இடத்துக்கும் நடந்து போகிறவர் அவர். நாட்டில் பிரசவத்தில் தாய் இறப்பது இவ்வளவு குறைந்ததற்கு வன்னியிலும் மலையிலும் நடந்த இந்தக் கால்கள்தான் முக்கிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளின் படிப்புக்கு ஊரில் பாடசாலை உண்டு. ஆனால் உயர்தரம் படிக்க வெளியே போக வேண்டும். போன பெண்பிள்ளைகள் திரும்புவது குறைவு. பல்லேகலை கைத்தொழிற்பேட்டையில் தையல் வேலை, கண்டியில் கடை வேலை, சிலர் குவைத், சவூதி. ஊரில் மிஞ்சுவது வயதானவர்கள், அதிலும் பெண்கள்.

இது இங்கே மட்டும் நடக்கிற விசயமல்ல. ரஷ்யாவின் வடக்கே வோலக்டா, கொஸ்த்ரோமா போன்ற மாகாணங்களில் நம் நாட்டின் சில மாவட்டங்களைவிடப் பெரிய நிர்வாகப் பிரிவுகளில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். மிச்சமெல்லாம் ஊசியிலைக் காடு. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு ஆள்கூட இல்லாத ஊர்கள் அந்த நாட்டில் 19 ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அங்கேயும் கடைசியாக விளக்கு எரிகிற வீடு பெரும்பாலும் ஒரு கிழவியுடையதாகத்தான் இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆண்களை இழந்த ஊர்கள் அவை. சனம் குறையக் குறையப் பாடசாலையை மூடுவார்கள், பிறகு பஸ்ஸை நிறுத்துவார்கள், பஸ் நின்றதும் மிச்சச் சனமும் போகும். மீமுறேக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. ஆனால் பஸ் ஓடாத நாட்களைப் பற்றி அந்தப் பெண்கள் கதைக்கிற விதத்தில் அந்தப் பயம் தெரிகிறது.

காணி யார் பேரில்?

இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்டேன். கண்டிச் சிங்களவர் வழக்கத்தில் இரண்டு விதமான கலியாணம் உண்டு. 'தீக' என்றால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவது. அப்படிப் போனவளுக்குத் தகப்பனின் காணியில் பங்கு இல்லாமல் போகும். 'பின்ன' என்றால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. அவளுடைய பங்கு அவளுக்கே. மட்டக்களப்புப் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருக்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு இது புதினமாக இராது. யாழ்ப்பாணத்தில் தேசவழமையின்படி மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவே புருஷனின் சம்மதம் வேண்டும். எந்த வழக்கத்திலும் பெண்ணுக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருப்பார்கள்.

ஆனால் பரம்பரைக் காணி மலையில் கொஞ்சம்தான். மற்றவை அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. வன்னிக் குடியேற்றங்களிலும் அதே மாதிரித்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் இரண்டு இடத்துக்கும். 'பெர்மிட்' என்று நாம் சொல்வதும், பின்னர் ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் கொடுத்த அளிப்புகளும் அதன் கீழ் வருபவைதான். இந்தச் சட்டத்தில் ஒரு பழைய அநியாயம் இருந்தது. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்துவிட்டால், அடுத்து யாருக்கு என்ற பட்டியலில் மகன் மகளுக்கு முன்னால் நின்றான், மூத்த ஆண்பிள்ளை மற்ற எல்லாருக்கும் முன்னால் நின்றான். யுத்தத்தில் மூத்த மகன் காணாமல் போன வீடுகளில் இது என்ன சிக்கலைக் கொடுத்தது என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெண்கள் அமைப்புகள் நெடுநாள் கேட்டதன் பிறகு 2022இல் வந்த திருத்தத்தில் இந்த ஆண்–பெண் வேறுபாடு நீக்கப்பட்டது.

திருத்தம் வந்தது ஊருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. நான் கேட்ட பன்னிரண்டு பெண்களில் ஒருவருக்கும் தெரியாது. கண்டி நகரத்திலும் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

வனத் திணைக்களத்தோடு உள்ள வழக்குக்கும் ஒரு கதை உண்டு, அது வன்னிக்கும் பொருந்தும். 2001இல் வெளிவந்த 5/2001 என்ற சுற்றறிக்கையின்படி, ஒதுக்கப்படாமல் கிடந்த மற்ற அரச காடுகளும் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் போயின. ஊரவர் பயிரிட்டு வந்த துண்டுகளும் பற்றை மண்டிய பழைய சேனைகளும் அதில் அகப்பட்டன. வன்னியில் அப்போது நாம் காணிக்குள் இல்லை, இடம்பெயர்ந்து திரிந்தோம். வயலில் பற்றை வளர்ந்தது, பற்றை காடானது, காட்டைக் காடு என்று வரைபடத்தில் போட்டார்கள். மன்னார் முசலிப் பக்கத்தில் 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இருபது வருஷம் கழித்துத் திரும்பியபோது, 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் ஒதுக்கக் காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2020 நவம்பரில் 5/2001 சுற்றறிக்கை இரத்துச் செய்யப்பட்டு, அப்படிப்பட்ட எஞ்சிய காணிகளின் பொறுப்பு பிரதேச செயலாளர்களுக்குத் திரும்பிப் போனது. சூழலியலாளர்கள் அதை எதிர்த்தார்கள். பெரிய கம்பனிக்காரர் காட்டை எடுத்துவிடுவார் என்ற அவர்களின் பயத்தில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வர்த்தமானியில் ஒதுக்கக் காடு என்று ஏற்கெனவே போட்ட இடத்துக்கு அந்த இரத்தால் பயன் இல்லை. எனவே உங்கள் காணி எந்த வகைக்குள் வருகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். கிராம அலுவலரிடம் வாயால் கேட்பதைவிடப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் எழுத்தில் கேட்பது நல்லது. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

என்னோடு அதிகம் கதைத்த அந்த அம்மா, ஏலம் பறித்தவர், எழுபது வயதுக்கு மேல். அவரை நான் 'ஆச்சி' என்று கூப்பிட்டேன். சிங்களத்திலும் அது பாட்டிக்கு உரிய சொல்தான், எனவே இருவருக்கும் வசதியாகப் போய்விட்டது. ஒரு பழைய பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உள்ளே அனுமதிப்பத்திரம், புருஷனின் மரணச் சான்றிதழ், வரிப் பற்றுச்சீட்டுகள், ஏலம் விற்ற காலத்துத் துண்டு ஒன்று. அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. தன்னோடு இருந்து பார்க்கிற இளைய மகளின் பேரைப் போட வேண்டும் என்பது அவர் விருப்பம். மூத்த மகன் கொழும்பில், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பெண்பிள்ளை பேரில் போட முடியாது என்று யாரோ சொன்னதை நம்பி இவ்வளவு காலம் போகாமல் இருந்திருக்கிறார். உண்மையில் அனுமதிப்பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போது மகளை நியமிக்க முன்பும் தடை இருக்கவில்லை. ஆனால் இந்த அனுமதிப்பத்திரம் புருஷனின் பேரில் இருந்தது, அவர் நியமிக்காமலே போய்விட்டார். எனவே முதலில் ஆச்சியின் உரிமையைப் பதிய வேண்டும், மகளின் விசயம் அதற்குப் பிறகுதான். என் சகோதரி அந்த இடத்திலேயே விண்ணப்பத்தைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று வேண்டும். அதற்கு ஒரு நாள் பயணம், கடிதம் கொடுக்க இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் விடியற்காலை பஸ்ஸை விட்டால் அந்த நாள் போனது போனதுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது கண்டி மாவட்டத்தில். மண்சரிவுகளால் மலை வீதிகள் துண்டிக்கப்பட்டன, தொலைபேசியும் வேலை செய்யவில்லை. பல நாட்களுக்குப் பிறகு ஆச்சியின் மகள் பேசினார். சமையலறைச் சுவர் இடிந்துவிட்டது, அடுக்கு வயலில் இரண்டு அடுக்கு மண்ணோடு போய்விட்டது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை என்றார். ரின்னைப் பற்றிக் கேட்டேன். ஓடும்போது முதலில் அதைத்தான் எடுத்தாராம் அம்மா. ஆச்சியின் பேரில் பதிந்து கடிதம் வந்திருக்கிறது. மகளின் பேர் இன்னும் போடவில்லை, பாதை சரியானதும் ஒரு பொதுமக்கள் தினத்தில் இருவரும் போவதாக இருக்கிறார்கள்.